பல்டி அடித்தது பலகை

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகிற பஸ். கால் வைக்க இடமில்லை. பென்னாகரம் தாண்டி மலை வளைவுகளில் இறங்கும்போது, என் முன் சீட்டில் இருந்த செல்லி என்கிற பெண்ணின் மடியில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. சீட்டிலும் தரையிலும் புளித்த பால். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நானும்தான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாரு பண்ண வேலை இது? எறங்கிக் கழுவிட்டு அடுத்த வண்டியில வா" என்று கத்தினார். செல்லி குழந்தையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என் மோருங்க," என்றார் பக்கத்தில் நின்ற ஒரு ஆள். "தூக்குப்போசி கவுந்துடுச்சு. நானே தொடைச்சுடறேன்."

அவர் கையில் தூக்குப்போசியே இல்லை. தோளில் கிடந்த துண்டால் சீட்டைத் துடைத்தார். தரையைத் துடைத்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி மறுபடியும் துடைத்தார். "மோர் குடிக்கிற மூஞ்சியப் பாரு, பஸ்ஸ நாறடிச்சுட்டு" என்று கண்டக்டர் ஒகேனக்கல் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அந்த ஆள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். செல்லியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கண்டக்டருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டு ஜமீர். இது எண்பத்து நாலாம் வருஷம். வீட்டுக்கு வந்து தன் மனைவி பரிதாவிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. துண்டு எங்கே என்று அவள் கேட்டதற்கு ஆற்றோடு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

இன்று தருமபுரியில் ஜமீர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பல்டி பாய் என்றால் தெரியும். "பொருட்காட்சியில பல்டி அடிச்சு விழுந்து, தக்காளியில குளிச்சானே, அவனா?" என்று சிரிப்பார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்த தையல்காரி. செபப் புத்தகம் படிப்பேன், துணி அளவு எழுதுவேன். கண்ணால் பார்த்ததை எழுத அது போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

ஜமீர் இளவயதில் பெங்களூருக்குப் போனவர். அங்கே சக்கர பூட்ஸ் மாட்டிக்கொண்டு சறுக்குகிற மண்டபம் ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தார். வருகிறவர்களுக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுப்பதும், கழற்றிப் போட்டதைத் துடைத்து எண்ணெய் விடுவதும்தான் வேலை. யாரோ பணக்கார வீட்டுப் பையன் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சக்கரப் பலகையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். பலகைக்கு அடியில் முன்னே இரண்டு சக்கரம், பின்னே இரண்டு சக்கரம். மேலே ஏறி நின்றுகொண்டு உருண்டு போக வேண்டியது. அதைத் திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை. மண்டபத்தை மூடியபோது முதலாளி ஜமீருக்குக் கடைசிச் சம்பளத்தோடு அந்தப் பலகையையும், பழைய பூட்ஸ் சக்கரங்கள் ஒரு டப்பாவையும் கொடுத்து அனுப்பினார்.

ஊருக்கு வந்து சேலம் ரோட்டில் லாரிப் பட்டறையில் பேரிங் மாற்றுகிற வேலையில் சேர்ந்தார். முப்பது வயது தாண்டிய ஆள், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா, பலகையை மட்டும் விடவில்லை. பலகையின் மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பார். ஒரு கால் விரல்களைப் பலகையின் ஓரத்துக்கு அடியில் கொடுப்பார். சட்டென்று எம்பி, அந்த விரல்களால் பலகையை ஒரு சுண்டு சுண்டுவார். அவர் அந்தரத்தில் இருக்கும்போதே கீழே பலகை தலைகீழாகப் புரண்டு, முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி சக்கரத்தில் வந்து உட்கார வேண்டும். அதன் மேல் அவர் வந்து இறங்க வேண்டும். பெங்களூரில் யாரோ செய்ததை ஒரே ஒரு தடவை பார்த்தாராம்.

"தூங்கறப்ப அதுக்கும் ஒரு தலையணை போடட்டுமா?" என்று பரிதா கேட்பாள்.

"போடு. உன்ன மாதிரி அது கொறட்டை விடாது" என்பார்.

அதற்கு வழவழப்பான தரை வேண்டும். எங்கள் வரிசையில் இருந்ததெல்லாம் பெயர்ந்த சிமெண்டு. நெல் காயப்போடுகிற ரைஸ்மில் களம்தான் ஊரிலேயே நல்ல தரை. அமாவாசைக்கு மில் ஓடாது, அன்றைக்குக் களம் காலி. மில் மேஸ்திரி முனிராஜ் ஒரே ஒரு கட்டளை போட்டு அனுமதித்தார்: "தானியம் காயற எடம் பாய். செருப்புக் கால் படக்கூடாது." அதனால் ஜமீர் வெறுங்காலோடுதான் பழகினார். அவர் கால் விரல்களுக்குத்தான் அந்த வித்தை தெரியும். பூட்ஸ் போட்டால் அவருக்கு ஒன்றும் வராது.

எண்பத்தாறு மார்கழி அமாவாசை. நானும் பரிதாவும் களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பத்துக்கு நாலு தடவை அவருக்கு வரும், ஆறு தடவை வராது. அப்போதுதான் தர்மன் வந்தார்.

ஊர் ஊராகப் பொருட்காட்சி போடுகிறவர். மில்லுக்குப் பின்னால் இருந்த தரிசு நிலத்தைப் பார்க்க வந்திருந்தார். பூட்ஸ் காலோடு களத்தில் ஏறினார். வாய் நிறைய வெற்றிலை. முனிராஜ் "ஐயா, காலு…" என்று சொல்லி முடிப்பதற்குள் சிமெண்டில் பொளிச்சென்று துப்பினார். நெல் காய்கிற இடத்தில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு எச்சில். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தச் சத்தத்தில் ஜமீரின் கவனம் போய்விட்டது. பலகை ஒரு பக்கம் பறந்தது. அவர் மல்லாக்க விழுந்தார். தர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெற்றிலைச் சாறு மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது, அதையும் துடைக்கவில்லை.

"பாய், இதுக்கு என்னா பேரு?"

ஜமீர் முழங்கையைத் தடவிக்கொண்டே யோசித்தார். இங்கிலீஷில் என்னவோ பேர் இருந்தது, மறந்துபோய்விட்டது. "பல்டிங்க" என்றார்.

"பல்டி! ஆகா. தை அமாவாசை தாண்டி அடுத்த வாரம் இங்கதான் காட்சி போடறேன். நீ வந்து பல்டி காட்டு. சனம் கை தட்டுச்சுன்னா உனக்குன்னு தனி மேடை, பேரு எழுதி போர்டு. என்கூடவே ஊர் ஊரா வா."

லாரி ஊரில் பல்டி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தொப்பூர் இறக்கத்தில் எந்த வண்டியாவது பல்டி அடித்தது என்று காதில் விழுந்தாலே நான் சிலுவை போட்டுக்கொள்வேன். ஆனால் ஜமீரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது. அவர் சொன்னது பலகை அடிக்கிற பல்டி. தர்மன் கேட்டுக்கொண்டது மனுஷன் அடிக்கிற பல்டி. அன்றைக்கு இரண்டு பேரும் கை கொடுத்துப் பிரிந்தார்கள்.

"பத்துக்கு நாலு போதாது ரோசக்கா," என்றார் ஜமீர் வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம். "மேடையில ஒரு தடவைதான் பாப்பாங்க. அந்த ஒரு தடவை நின்னு எறங்கணும். விழுந்துட்டா ஆயுசுக்கும் பட்டறைதான்."

அந்த ஒரு மாதம் முழுக்கப் பலகைப் பேச்சுத்தான். பெங்களூர்ப் பலகை ஒரு சாணுக்கும் மேலே அகலம். சக்கரங்கள் எலுமிச்சம்பழம் போலப் பெரியவை, மெத்தென்றவை. உருட்டிக்கொண்டு போக சுகமாக இருக்கும், ஆனால் சுண்டினால் சோம்பேறி எருமை மாதிரிப் புரளும். பாதிச் சுற்றில் நின்று முழங்காலில் அடிக்கும். அவர் கெண்டைக்கால் முழுக்கக் கன்றிப்போய்க் கிடந்தது.

புதுப் பலகை செய்ய உட்கார்ந்தார். முதலில் தேக்கு. இழைத்து முடித்து, பாதத்தின் மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனம். எம்பறதுக்குள்ள கால் செத்துரும்." அப்புறம் மாம்பலகை. லேசாக இருந்தது, ஆனால் ஆணி முடுக்கின இடத்தில் வாய் பிளந்தது. கடைசியில் பட்டறையில் உடைத்துப்போட்ட லாரி கேபின் கூரையிலிருந்து பிளைவுட் துண்டு இரண்டு எடுத்து, வஜ்ரம் தடவி ஒட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். மூன்று நாள் பரிதா சட்னி அரைக்க என் வீட்டுக்கு வந்தாள்.

அகலம் ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. நீளம் மூன்று சாண். "அகலம் கொறஞ்சா சீக்கிரம் சுத்தும். ரொம்பக் கொறஞ்சா எறங்கறதுக்கு எடம் இருக்காது." அரை விரல் குறைப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தார்.

சக்கரத்துக்குப் பட்டறையில் எல்லோரும் சொன்னது லாரி பேரிங். சின்னப் பையன்கள் வண்டி செய்வார்களே, அந்த மாதிரி. அதைப் போட்டால் இரும்பு கனம் பலகையைக் கீழே இழுக்கும், வழுக்கவும் செய்யும். அவர் பெங்களூர் டப்பாவைத் திறந்து பழைய பூட்ஸ் சக்கரங்களில் நாலு பொறுக்கினார். சின்னவை, கல் மாதிரி கெட்டி. அதே டப்பாவில் கிடந்த பூட்ஸ் அச்சு இரண்டை எடுத்துப் பலகைக்கு அடியில் மாட்டினார். அச்சின் நட்டை இறுக்கினால் பலகை ஆடாது, தளர்த்தினால் வளைந்து போகும். "நான் எங்கயும் போவப் போறதில்ல. எறங்கறப்ப ஆடாம இருந்தாப் போதும்" என்று கடைசி மரை வரைக்கும் இறுக்கினார்.

மேலே கால் வழுக்காமல் இருக்க ஏதாவது ஒட்ட வேண்டும். உப்புக் காகிதம் ஒட்டினால் வெறுங்கால் தோல் உரிந்துவிடும். சைக்கிள் டியூப் ஒட்டினார், வியர்வை பட்டதும் வழுக்கியது. "அக்கா, சொரசொரன்னு, ஆனா கடிக்காத துணி ஏதாவது இருக்குதா?" என்று வந்து நின்றார். போலீஸ்காரர் ஒருத்தருக்குத் தைத்ததில் மிச்சமான காக்கி டிரில் இருந்தது. கொடுத்தேன். ஓரத்தை மடித்துத் தைக்கிற மாதிரி அவர் அதை மடக்கி ஒட்டிய நேர்த்தியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. விரல் நுழைகிற ஓரத்தை மட்டும் துணி போடாமல், கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி உருண்டையாக்கினார்.

தை அமாவாசையில் களத்தில் வைத்துப் பார்த்தார். பத்துக்கு ஒன்பது. பரிதா விரல் விட்டு எண்ணினாள். ஒன்பதாவதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போர்டுல பேரு பெருசா எழுதச் சொல்லுங்க" என்றாள்.

இனிமேல் வருவதுதான் எனக்கு எழுதக் கூசுகிற பகுதி. அதில் என் கையும் இருக்கிறது.

பொருட்காட்சிக்கு நாலு நாள் முன்பு தர்மனின் ஆள் ஒருவன் துணியும் அளவும் கொண்டுவந்து கொடுத்தான். மஞ்சள் பட்டை போட்ட கால்சட்டை. பின்பக்கம் இரண்டு பூசணிக்காய் வைத்த மாதிரிப் பஞ்சு திணிக்க வேண்டும். பின்னால் ஒரு வால். அதோடு துணியிலேயே ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு சோடி பூட்ஸ். கோமாளி யாருக்கோ என்று நினைத்தேன். வேலை வேலைதானே, இரட்டைத் தையல் போட்டுக் கெட்டியாகவே தைத்தேன். ஒன்றிரண்டு தடவை எனக்கே சிரிப்பு வந்தது. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

முதல் நாள் சாயங்காலக் காட்சிக்கு அதை எடுத்துக்கொண்டு நானும், ஜமீரும், பரிதாவும் சேர்ந்தே போனோம். வாசலில் பெரிய தட்டி. ஒரு தாடிக்காரன் தலைகீழாக விழுகிறான், வாயில் பல் தெறிக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் பல்டி பாய். பரிதா படித்துவிட்டு, "ஒங்களுக்குத் தாடியே இல்லயே" என்றாள்.

கூடாரத்து வாசலில் கூடை கூடையாகத் தக்காளி. பாலக்கோட்டில் விலை சரிந்து ரோட்டில் கொட்டினதை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அழுகி, தோல் சுருங்கி, புழு நெளிகிற தக்காளி. உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் மூன்று கொடுத்தார்கள். எதற்கென்று கேட்காமலே நானும் வாங்கிக்கொண்டேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகியது. பன்றிக்குக்கூட நல்லதாகப் பார்த்துப் போடுகிற ஊர் இது.

மேடைக்குப் பின்னால் தர்மன் பால் டின் ஒன்றில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்து மூட்டையை வாங்கி ஜமீரிடம் வீசினார்.

"மாட்டு பாய். நேரமாச்சு."

ஜமீர் பிரித்துப் பார்த்தார். பூசணிக்காய் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். "இது யாருக்குங்க?"

"எனக்கா? உனக்குத்தான். பலகையும் ரெடி." தர்மன் காலால் ஒன்றைத் தள்ளினார். கதவு அகலத்துக்கு ஒரு பலகை. அடியில் நாலு லாரி பேரிங். நட்டெல்லாம் தளர்த்தி, தொட்டாலே கடகடவென்று ஆடியது. "நல்லா சத்தம் வரும். ஏறி நின்னதும் ஆடும். மேடையில ஆமணக்கெண்ணெய் வேற பூசியாச்சு. நீ சும்மா நின்னாவே போதும், அதுவே பல்டி அடிக்க வெச்சுடும்."

"ஐயா, நான் சொன்னது பலகைங்க. பலகைதான் பல்டி அடிக்கும். நான் நின்னு எறங்குவேன்."

"நின்னு எறங்கறவன பாக்க எவன்யா வருவான்? இந்த ஊர்ல எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பரிதா என் கையைப் பிடித்தாள். ஜமீர் கொஞ்ச நேரம் கதவுப் பலகையையும் தன் கையிலிருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாகப் பேசத் தெரியாத மனுஷர்.

"ஒரு பேச்சுங்க. என் பலகையில, என் கால்ல, ஒரு தடவை. விழுந்தேன்னா இந்தக் கால்சட்டைய மாட்டிக்கறேன், நீங்க சொல்றபடி ஊர் ஊரா விழறேன். நின்னுட்டேன்னா என் வேலைய என் மாதிரி பண்ண விடணும்."

தர்மன் டின்னில் துப்பினார். எச்சில் நூலாகத் தொங்கியது. "சரி போ. எண்ணெய்ல நீ எப்பிடி நிக்கறேன்னு நானும் பாக்கறேன்."

நான் முன்பக்கம் போய் நின்றேன். ஜமீர் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு மேடை ஏறினார். கால் வைத்ததும் எண்ணெய் தெரிந்துவிட்டது. இறங்கினார். கூட்டம் ஓவென்று கத்தியது. "பாய் பயந்துட்டான்டோய்!" அவர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டே கூடாரத்து ஓரத்தில் குனிந்து இரண்டு கை நிறையச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு மறுபடி ஏறினார். மேடையில் தூவி, பாதத்தால் தேய்த்தார். இன்னும் இரண்டு தடவை இறங்கி அள்ளினார். "மேடை கட்டறான் பாரு மேஸ்திரி!" என்று ஒருத்தன் கத்த, முதல் தக்காளி பறந்து வந்து அவர் தோளில் உடைந்தது. அவர் இன்னும் பலகையைக் கீழே வைக்கவேயில்லை.

வைத்தார். ஏறி நின்றார். வலது கால் விரல்களை ஓரத்துக்கு அடியில் கொடுத்தார். உதடு அசைந்தது, பிஸ்மி சொல்லியிருப்பார். நானும் என் பங்குக்கு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

எம்பினார். பலகை புரண்டது. சின்னச் சக்கரம் நாலும் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, திரும்பி டக்கென்று கீழே வந்து உட்கார்ந்தன. அதன் மேல் இரண்டு பாதமும் காக்கித் துணியில் ஒட்டிக்கொண்டு நின்றன. பலகை ஒரு விரல்கூட நகரவில்லை.

எனக்கு அப்படிச் சந்தோஷம். இனிக் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"என்னாது, விழவே இல்ல?" என்றது ஒரு குரல்.

"ஏமாத்தறான்யா. விழுடா பாய்!"

"விழு! விழு!"

அவர் மறுபடியும் செய்தார். ஒருவேளை முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. பலகை சுற்றியது, நின்றது, அவரும் நின்றார். அதற்குப் பிறகு தக்காளி மழை. நெஞ்சில், முகத்தில், கண்ணில். கிழங்கட்டை, குமரி என்று பார்க்காமல் எல்லோரும் எறிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் முழந்தாள் படியிட்டு, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிற ராஜாமணி, பல்லைக் கடித்துக்கொண்டு குறி பார்த்து எறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கை நாறியது, காற்று நாறியது. மனுஷர்கள் வாயைத் திறந்து சிரிக்கிறபோது உள்நாக்குவரைக்கும் தெரிந்தது. என் கையில் இருந்த மூன்றையும் அப்போதுதான் கீழே போட்டேன். அதுவரைக்கும் அதை ஏன் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை அவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகை மேல் இருந்த தக்காளித் தோலைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு எம்பினார். அதிலும் நின்றார். பிறகு பலகையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்கினார்.

பின்னால் தர்மன் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "கெலிச்சுட்ட பாய். ஒத்துக்கறேன். தினம் நின்னே எறங்கு. சனத்துக்குத் தேவ தக்காளி எறியணும், அவ்வளவுதான். நின்னா என்னா, விழுந்தா என்னா? நாளைக்கு ரெண்டு கூடை கூடப் போடச் சொல்றேன்."

ஜமீர் முகத்திலிருந்து ஒரு விதையை எடுத்துப் பார்த்தார். "வேணாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பரிதா அவ்வளவோடு விடவில்லை. தர்மனின் பால் டின்னைக் காலால் எத்திவிட்டாள். எச்சில் அவர் வேட்டியில் கவிழ்ந்தது. "இதுக்கும் ஒரு போர்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பாவம் என்று தெரிந்தும், அன்று ராத்திரி செபமாலை சொல்லும்போது அதை நினைத்து நினைத்து எனக்கு மனசு ஆறியது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டியிருக்காது. தர்மன் மறுநாளே வேறொரு ஆளைப் பிடித்துவந்தார். முகத்தில் கரி, ஒட்டுத் தாடி, நான் தைத்த மஞ்சள் கால்சட்டை, நான் தைத்த பூட்ஸ், கதவுப் பலகை. தட்டியில் அதே பெயர். பத்து நாள் அந்த ஆள் ஒரு காட்சிக்கு இருபது தடவை விழுந்தார். என் இரட்டைத் தையல் ஒரு இடத்திலும் விடவில்லை. ஊர் முழுக்கப் போய்ப் பார்த்தது. கரி பூசின முகத்தில் யார் என்று எவருக்குத் தெரியும்? பல்டி பாய் என்றால் பலகை வைத்திருந்த பாய்தானே, நம்ம லாரிப் பட்டறை ஜமீர்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பட்டறையில் அவர் குனிந்தால் போதும், பின்னாலிருந்து யாராவது தட்டி, "பூசணிக்காய் எங்க பாய்?" என்பார்கள். "அது நான் இல்லீங்க" என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லச் சிரிப்பு அதிகமானது. டீக்கடையில் அவர் கிளாசுக்குள் ஒருத்தன் தக்காளித் துண்டைப் போட்டான். அதை நான் பார்க்கவில்லை, பரிதா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் பெண்ணைப் பிள்ளைகள் பல்டி என்று கூப்பிட ஆரம்பித்த அன்றுதான் அவர் ஓசூரில் வேலை தேடப் புறப்பட்டார். அங்கே புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம்.

நான் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் அந்தக் கால்சட்டையைப் பற்றிச் சொன்னேன். சாமியார் மூன்று பரமண்டல மந்திரம் சொல்லச் சொன்னார். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்கிற இடத்தில் தர்மனின் மோவாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த வரியை முழுங்கிவிட்டுத்தான் ஆமென் சொன்னேன். ராஜாமணி இன்றும் என் முன் வரிசையில்தான் முழந்தாள் படியிடுகிறார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கை கூப்புவார். நானும் கூப்புகிறேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய்ச் சுருட்டு, ஒரு சாக்கில் பாத்திரம். பலகை பெட்டிக்குள் இருந்ததா, இல்லையா, நான் கேட்கவில்லை. டைம் கீப்பர் அறைப் பக்கமிருந்து யாரோ, "பல்டி பாய், பாத்து ஏறு! படியில விழுந்துடப் போற!" என்று கத்தினார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். பரிதா மகளின் காதைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தக் கால்சட்டைய நான்தான் தைச்சேன்" என்றேன்.

"யாருக்குன்னு தெரிஞ்சா தைச்சீங்க? விடுங்கக்கா."

ஓசூர் வண்டி கிளம்பியது. பரிதா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். படியில் நின்றிருந்த ஜமீர், என்ன நினைத்தாரோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கடிதமும் இல்லை. வண்டிச் சத்தத்துக்கு மேலே அவர் சொன்னது இதுதான்:

"ரோசக்கா, மூணு தடவையும் நான் நின்னுதான் எறங்கினேன். நீங்க பாத்தீங்க. யாராவது கேட்டா அத மட்டும் சொல்லுங்க."